பொள்ளாச்சியப் பாக்கணும்னா சந்தை நாள்ல போங்க

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைங்க. கேரளாவுல இருந்தாலும் வீட்டுல பேச்சு தமிழ்தான், துணி எடுக்க, வெதை வாங்க எல்லாத்துக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சிதான். அதனால பொள்ளாச்சில என்ன பாக்குறதுன்னு யாராச்சும் கேட்டா ஆழியாறு, டாப்ஸ்லிப்னு சொல்லமாட்டேன், அதெல்லாம் ஊருக்கு வெளிய. செவ்வாய் இல்லாட்டி வியாழன் வெள்ளனே கெளம்பி மாட்டுச் சந்தைக்குப் போங்க. வெள்ளை வேட்டி மட்டும் வேண்டாம், ஏன்னு போனாத் தெரியும்.

உள்ள நுழைஞ்சதும் போனத் தூக்காதீங்க, சித்த ஓரமா நில்லுங்க. ரெண்டு பேரு கைய ஒரு துண்டுக்குள்ள விட்டுட்டு சும்மா நிப்பாங்க, வாயே தெறக்கமாட்டாங்க, அங்கதான் வெலை போகுது, விரலப் புடிச்சுதான் கணக்கு. மாட்டுக்குக் கீழ்த்தாடைல மட்டுந்தான் முன்பல்லு, பால்பல்லு விழுந்து ரெண்டு பல்லு போட்டிருந்தா ரெண்டு வயசு சுமாரு, எட்டும் மொளைச்சிருந்தா அஞ்சை நெருங்கிருச்சுன்னு அர்த்தம். எங்க மாமா தரகர் பேச்ச நம்பி நாலு பல்லுன்னு ஒரு பசுவ ஓட்டிட்டு வந்து தொழுவத்துல வச்சு வாயத் தெறந்து பாத்தா எட்டு! அத்தை ஒரு வாரம் பேசலை.

காங்கேயம் மாடு கண்ணுல பட்டா விடாதீங்க. கன்னு செவப்பாத்தான் பொறக்கும், ஆறு மாசம் போனா சாம்பலுக்கு மாறிரும். அதுங்க வளர்ற கொறங்காடுங்கிற மேய்ச்சக்காடு காங்கேயம் பக்கம், கிளுவை வேலி கட்டி கொழுக்கட்டைப் புல்லுல மேய விடுவாங்க.

ஆந்திரா, கர்நாடகால இருந்தெல்லாம் இங்க மாடு வருது, வாங்குறவங்க பாதிக்கு மேல மலையாளத்துக்காரங்க, பெரும்பாலும் கறிக்குத்தான், அத மறைச்சுப் பேசுறதுல எனக்கு இஷ்டமில்ல. ஏன் இந்த ஊருன்னா பாலக்காட்டுக் கணவாய்தான், மேற்கு மலைல இம்புட்டு அகலமா வேற வழி கெடையாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் பாலக்காடும் பொள்ளாச்சியும் ஒரே மெட்ராஸ் ராஜ்ஜியம் (எங்க ஊரு இருக்குற சித்தூர் தாலுகா மட்டும் பழைய கொச்சி ராஜ்ஜியம்), அப்புறம் கோடு போட்டாங்க, மாடு நடந்த வழில இப்ப லாரி பேப்பரோட நிக்குது.

வெயில் ஏறுனதும் கடைவீதிப் பக்கம் நடங்க. மூக்கணாங்கயிறு, சலங்கை, சாட்டைன்னு தொங்குற கடைல வெலை கேட்டா நாலு கதையும் சேத்துக் கெடைக்கும். அப்படியே மாரியம்மன் கோயிலு, மாசி வாக்குல வந்தீங்கன்னா கம்பம் நட்டு ஊரே மாறிக் கெடக்கும். மரப்பேட்டைக்குப் பேருலயே வேலை தெரியுது. மகாலிங்கபுரம் பிற்பாடு வந்தது, நேர் நேரா வீதி, பெரிய வீடுங்க, சுத்த சுகம்தான் ஆனா எனக்கு ஒட்டலை. ஸ்டேஷனையும் ஒரு எட்டு பாருங்க, போத்தனூர் லைன் 1915, பாலக்காடு லைன் 1932.

திரும்பையில கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுல எடது பக்க ஜன்னல் கெடைச்சா உக்காந்துக்குங்க. கோபாலபுரம் தாண்டுனதும் கடை போர்டெல்லாம் மலையாளமாயிரும், உள்ள டீ கேக்குறது மட்டும் தமிழ்லயேதான்.