அதிர்வெண் சரிந்தால் காற்றாலை எப்படிக் கைகொடுக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும். 100 மெகாவாட் காற்றாலைப் பூங்கா ஒன்று நம் பொறுப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: சரிவு எங்கே தொடங்குகிறது?

இந்திய மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். 49.90 முதல் 50.05 வரை இருக்கலாம் என்பது விதி. எங்கோ ஒரு பெரிய அனல்மின் அலகு திடீரென நின்றால், முதல் சில நொடிகள் அந்தக் குறையை ஈடுகட்டுவது மற்ற ஜெனரேட்டர்களின் சுழலும் எடைதான். அவை வேகத்தை இழந்து மின்சாரம் தருகின்றன. அந்த வேகக் குறைவைத்தான் அதிர்வெண் சரிவு என்கிறோம்.

படி 2: நம் காற்றாலை எந்த வகை?

முப்பந்தல் பக்கம் உள்ள பழைய சிறிய காற்றாலைகள் மின்தொகுப்போடு நேரடியாக இணைந்தவை. சரிவின்போது அவையும் தானாகக் கொஞ்சம் வேகம் விட்டுக்கொடுக்கும். புதியவற்றில் நடுவில் கன்வெர்ட்டர் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித் தரும் மின்னணுச் சாதனம்) இருக்கிறது. வெளியே அதிர்வெண் விழுவது இறக்கைக்குத் தெரியாது. மென்பொருளில் சொல்லிவைக்க வேண்டும்.

படி 3: சுழற்சியிடம் கடன் வாங்குங்கள்

இறக்கையின் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் 0.9 × 0.9 = 0.81. அதாவது சுழற்சி ஆற்றலில் 19 சதவீதம் நம் கைக்கு வரும். சில நொடிகளுக்கு இது பெரிய உதவி. கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனம், 10 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைப் பூங்காக்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஆனால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். இறக்கை பழைய வேகத்துக்கு ஏறும்போது, காற்று தருவதில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும், உற்பத்தி குறையும். எல்லாக் காற்றாலைகளும் ஒரே நேரத்தில் இப்படி மீண்டால் இரண்டாவது சரிவு வரும். புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். மீள்வதை மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள்.

படி 4: கையிருப்பு வையுங்கள்

நொடிகளைத் தாண்டி நிமிடக்கணக்கில் தாங்க, இறக்கையின் கோணத்தைச் சற்றுத் திருப்பி, கிடைக்கும் காற்றில் 10 மெகாவாட்டை எடுக்காமல் விட வேண்டும். விற்காத மின்சாரம் நட்டம்தான். அதற்குத் தனியாகப் பணம் தருவதே நியாயம் என்பது என் கருத்து.

படி 5: எவ்வளவு தர வேண்டும்?

உற்பத்தியை முழுத் திறனளவுக்கு மாற்ற அதிர்வெண் எத்தனை சதவீதம் விலக வேண்டும் என்ற அளவுதான் டிரூப். 33 கிலோவோல்ட்டிலோ அதற்கு மேலோ இணைந்த, 10 மெகாவாட்டைத் தாண்டிய புதிய பூங்காக்களுக்கு டிரூப் 3 முதல் 6 சதவீதம் என்கிறது இந்திய விதி. 0.03 ஹெர்ட்ஸ் வரையிலான சின்ன ஆட்டத்தை விட்டுவிடலாம். 4 சதவீத டிரூப் என்றால் 50-இல் 2 ஹெர்ட்ஸ். அதாவது 2 ஹெர்ட்ஸ் விலகலுக்கு முழு 100 மெகாவாட் என்ற கணக்கு.

அதிர்வெண் 49.80-க்கு விழுந்தது. விலகல் 0.20, அதில் 0.03 போக 0.17.
0.17 ÷ 2 × 100 = 8.5 மெகாவாட் கூட்ட வேண்டும். படி 4-இல் வைத்த 10 போதும்.

சரி, 50.20-க்கு ஏறினால்? அதே 8.5 மெகாவாட்டைக் குறைக்க வேண்டும். இதற்குக் கையிருப்பே வேண்டாம், கோணத்தைத் திருப்பினால் போதும். அதனால் பூங்காவில் அமைப்புகளைச் சோதிக்கும்போது முதலில் அதிர்வெண் ஏறும் இந்த நிலையிலிருந்து தொடங்குங்கள்.