சுடுதண்ணீரில் கூழ்முட்டை நாற்றம்: கீசரா, கிணறா?

காலையில் ஒருவரும் பைப்பைத் திறக்க முன்னம், ஒரு கிளாசில் பச்சைத்தண்ணீரும் மற்றதில் சுடுதண்ணீரும் பிடித்து முற்றத்தில் வைத்து மணந்து பாருங்கள். குளியலறைக்குள் மணந்தால் கழிவுக் குழாயின் நாற்றமும் சேர்ந்து ஏமாற்றும். இரண்டு கிளாசும் மணந்தால் கோளாறு கிணற்றில் அல்லது மேல்தாங்கியில். கீசரைக் கழற்றுவது வீண்வேலை. சுடுதண்ணீர் மட்டும் மணந்தால் கீசர்தான்.

கீசருக்குள் தொட்டி துருப்பிடிக்காமலிருக்க ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். கிணற்று நீரிலுள்ள சல்பேற்று என்ற உப்பை, காற்றில்லாமல் வாழும் ஒருவகைப் பக்றீரியா, கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட் வாயுவாக மாற்றுகிறது. மக்னீசியம் கரைவது அதற்குத் தீனி. கரன்ட் பில்லுக்குப் பயந்து சூட்டை 40 பாகையில் வைத்திருப்பதும், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவதும் அது பெருக நல்ல வசதி.

முதலில் ட்ரிப் சுவிட்சை நிறுத்தி, தண்ணீர் ஆறியபின், கீசருக்குத் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டி, தொட்டியை முழுதாக வடியுங்கள். வன்னித் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். அடியில் சுண்ணாம்புப் படிவு இருக்கும். தெளிவாக வரும்வரை அலசுங்கள், பக்றீரியா ஒளிந்திருப்பது அதற்குள்தான்.

பிறகு குளோரின். வரட்சிக் காலத்தில் 1000 லீற்றர் தாங்கியை நிரப்பி வீணாக்கத் தேவையில்லை, 200 லீற்றர் போதும். அதற்கு 30 வீதம் குளோரின் உள்ள வெளிற்றும் தூள் 33 கிராம். பிளாஸ்ரிக் வாளியில், காற்றோட்டமான வெளியில் கரைத்து, அடைய விட்டு, தெளிந்த நீரை மட்டும் தாங்கிக்குள் ஊற்றுங்கள். வினாகிரியோ வேறு அமிலமோ கிட்டவும் வரக்கூடாது; நச்சு வாயு கிளம்பும். கீசரை நிரப்பி, சுடுதண்ணீர்ப் பைப்புகள் ஒவ்வொன்றிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து பூட்டுங்கள். 4 மணித்தியாலம் அப்படியே விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எவர்சில்வர்த் தொட்டியைக் குளோரின் அரிக்கும். வடிக்கும் நீரை மலக்குழிக்கோ வாழைக்கோ விடாமல், கிணற்றுக்குத் தூரமாக வெறுந்தரையில் விடுங்கள். குளோரின் மணம் போகுமட்டும் நல்ல தண்ணீரால் அலசுங்கள். தொட்டி நிறைந்து பைப்பில் தண்ணீர் வருவதைக் கண்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள், வெறுந்தொட்டியில் போட்டால் ஹீற்றர் எரிந்துபோகும்.

சூட்டை இனி 60 பாகையில் வையுங்கள். அது சில விநாடிகளில் தோலைச் சுடும். வாளியில் பச்சைத்தண்ணீரைக் கலந்த பின்னரே பிள்ளைகளை விடுங்கள்.

சில கிழமைகளில் நாற்றம் திரும்பினால் கம்பியை மாற்றவேண்டும். சிறிய கீசர்களில் அது ஹீற்றரோடு ஒரே தட்டில் பூட்டப்பட்டிருக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய், அதே புரியும் நீளமும் உள்ள அலுமினியம்-சிங்க் கம்பியாகக் கேளுங்கள். கம்பியே இல்லாமல் விட்டால் நாற்றம் நிற்கும், எனாமல் பூசிய இரும்புத் தொட்டி துருவேறி ஓட்டையாகும். ஹாட்வெயார்க் கடையில் சிலர் அந்த யோசனையைத்தான் முதலில் சொல்வார்கள்.

கூரையில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலர் கீசருக்கும் இதே வேலைதான். ஆனால் விடியப்புறம் தொடங்குங்கள்: உச்சிவெயிலில் காய்ந்த வெறுங்குழாய்க்குள் பச்சைத்தண்ணீர் போனால் கண்ணாடி வெடிக்கும்.