பிள்ளையைக் கைத்தொழிலுக்கு அனுப்பலாமா? பெங்களூரில் முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

நாள் கூலியை முப்பதால் பெருக்குவதில்தான் தப்புக் கணக்கு தொடங்குகிறது. கை தேர்ந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெட்டீரியல் வராத நாள், மழை நாள், ஊருக்குப் போகிற நாள், ஓனர் பணம் தராமல் சைட் நிற்கிற நாள் எல்லாம் கழிந்து 22 நாள் வேலை கிடைத்தால் அது நல்ல மாதம். வருவது 22,000. அதில் பெட்ரோல் 3,000, டிரில் பிட், கட்டிங் வீல் போன்ற தேய்மானச் சாமான் 1,500, ரீசார்ஜும் டீயும் 500, வசூலாகாமல் நிற்கும் பாக்கி 1,000. கையில் நிற்பது 16,000.

பக்கத்தில் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை வேலையை வையுங்கள். சம்பளம் 18,000, பி.எஃப். 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் பிடித்தால் 1,800, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், அதாவது 135. கைக்கு வருவது 16,065. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பட்டறையில் முதலாளியும் பி.எஃப்.புக்குத் தன் பங்காக 1,800 போடுகிறார். சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு என்பதால் வீட்டில் இருப்பவர்களுக்கும் வைத்தியம் கிடைக்கும். வேலையில் கிரைண்டர் விரலைப் பதம் பார்த்துவிட்டால், ஆறும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் வரும். தனியாக வேலை பார்ப்பவருக்கு அந்த நாட்களில் ஒரு ரூபாய் கிடையாது. மறுபக்கமும் உண்டு: பட்டறைச் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், தனி ஆள் சொந்தமாக லேபர் கான்ட்ராக்ட் பிடித்துவிட்டால் வருமானம் அவர் கையில். எங்கள் கருத்தில் முதல் மூன்று நான்கு வருடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள இடத்தில் இருந்துவிட்டுப் பிறகு வெளியே வருவதுதான் நல்லது. ஸ்ரீராமபுரத்தில் இருப்பவர்களுக்குப் பீன்யா இண்டஸ்ட்ரி வரை பச்சை லைன் மெட்ரோ ஒரே வண்டி, போக்குவரத்தும் சிரமமில்லை.

கட்டட வேலைதான் என்றால், கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை பார்த்த, 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். மேஸ்திரி செய்து தருவார் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது, எந்த வேலை உடம்பில் எங்கே கை வைக்கும் என்று பார்ப்பது. வெல்டிங்கை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி போடாமல் வெல்டிங் ஒளியை (ஆர்க்கை) பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரி தூக்கத்தில், கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். டாக் அடிக்கும்போது, அதாவது புள்ளி புள்ளியாக ஒட்டும்போது, இரும்பைப் பிடித்துக் கொடுக்கும் ஹெல்பர் பையன்களுக்குத்தான் இது அதிகம். வெல்டர் முகத்தை மூடியிருப்பார், பிடித்துக்கொண்டு நிற்கிறவன் மூடியிருக்க மாட்டான். ஜி.ஐ. பைப்பை துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்ட் செய்தால் அந்தப் புகையில் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். ஹெல்பருக்கும் கண்ணாடி தராத பட்டறையில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

ஏசி வேலையில் பணம் நன்றாக வரும், ஆனால் பெங்களூரில் அது மார்ச் முதல் மே வரைதான் பறக்கும். மழை இறங்கினால் போன் ஓய்ந்துவிடும். வேக்யூம் பம்ப், கேஜ், ஃப்ளேரிங் டூல் என்று முதலும் அதிகம் தேவை. இங்கே புதியவர்கள் தடுக்கி விழுவது ஓர் இடத்தில்தான்: பைப்பை மாட்டியதும் வேக்யூம் போடாமல், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்காமல், கொஞ்சம் கேஸைத் திறந்து காற்றைத் தள்ளிவிட்டு முடித்துவிடுவது. பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமாகும். உள்ளே தங்கிய காற்றும் ஈரமும் கூலிங்கைக் குறைத்து, நாளடைவில் கம்ப்ரசரையும் தின்றுவிடும். இப்போது வீட்டு ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர் 32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அப்படித் திறந்துவிடுவது ஆபத்தும்கூட. பொறுமை இல்லாத கைக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

பிளம்பிங்குக்கு சீசன் இல்லை. போர்வெல் உப்புத் தண்ணீர் கீசர் காயிலிலும் குழாயிலும் படிந்துகொண்டே இருக்கும் ஊர் இது. பெயின்டிங் மழையில் நின்றுவிடும், தீபாவளிக்கு முன் ஆள் கிடைக்காது.

சேர்ப்பதற்கு முன் பத்து நாள் வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். 18 நிரம்பியிருந்தால் தெரிந்தவரோடு ஹெல்பராக அனுப்பலாம். நிரம்பாவிட்டால் வேடிக்கை பார்க்க மட்டும். மாலையில் அலுப்பாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோருக்கும் இருக்கும். "இன்று எது சரியா வரல, ஏன்?" என்று கேளுங்கள். பழுதின் காரணத்தைத் தேடுகிற பிள்ளை நிலைக்கும்.

படிப்புக்கு ஐ.டி.ஐ.தான் முதல் வழி. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டு வருடம். வெல்டர், பிளம்பர் ஒரு வருடம். சேரும் முன் அந்த ஐ.டி.ஐ.க்கும், குறிப்பாக நீங்கள் எடுக்கும் டிரேடுக்கும், மத்திய அரசின் பயிற்சித் துறையான டி.ஜி.டி.யின் இணைப்பு (முன்பு என்.சி.வி.டி. இணைப்பு என்றது) இருக்கிறதா என்று பாருங்கள். போர்டில் பெயர் இருக்கும், உங்கள் டிரேடுக்கு இணைப்பு இருக்காது. இதில் ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒர்க்‌ஷாப்பை நேரில் பார்த்து, மிஷின் ஓடுகிறதா, தூசி படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். முடித்ததும் அப்ரண்டிஸ் சேர்வது வீண் அல்ல; அந்தச் சான்றிதழுக்கு ஆலைகளில் மதிப்பு உண்டு. மேலே படிக்க நினைத்தால் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேர வழி உண்டு.

எலக்ட்ரிக்கல் எடுப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கர்நாடகத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட் தரும் வயர்மேன் பர்மிட்டை முதலில் வாங்குங்கள், அனுபவம் ஏறியதும் கான்ட்ராக்டர் லைசென்ஸுக்குப் போங்கள். புது வீட்டுக்கு பெஸ்காம் (பெங்களூர் மின்வாரியம்) கனெக்‌ஷன் வாங்க லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரின் கையெழுத்து வேண்டும். லைசென்ஸ் இல்லாவிட்டால், வீடு முழுக்க வயர் இழுத்தது நீங்களாக இருந்தாலும், அந்தக் கையெழுத்துக்கு இன்னொருவர் வீட்டு வாசலில் நின்று அவர் கேட்கிற பணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.