மெட்பே வேண்டாம் என்று சொல்வதற்கு முன்

கலிஃபோர்னியாவில் கார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது ‘மெடிக்கல் பேமென்ட்ஸ்’ என்று ஒரு பிரிவு வரும். சுருக்கமாக மெட்பே. விபத்தில் நமக்கோ நம் காரில் இருந்தவர்களுக்கோ அடிபட்டால் மருத்துவச் செலவுக்குத் தருவது. கட்டாயமில்லை. “ஆபீஸில் கொடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கிறதே, இது எதற்கு?” என்று நான் வேண்டாம் சொல்லிவிட்டேன். பலரும் செய்யும் தவறு இது. இருப்பதிலேயே பெரியதும் இதுதான்.

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்த நேரம். சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்துவிட்டார். பின் சீட்டில் இருந்த அம்மாவுக்கு மணிக்கட்டில் அடி. எமர்ஜென்சியில் இருந்தது மூன்று மணி நேரம்தான். அதற்கு ஆம்புலன்ஸுக்குத் தனி, ஆஸ்பத்திரிக்குத் தனி, டாக்டருக்குத் தனி, எக்ஸ்ரே பார்த்துச் சொன்னவருக்குத் தனி என்று வாரக்கணக்கில் பில் வந்துகொண்டே இருந்தது. என் ஹெல்த் இன்சூரன்ஸில் அம்மா பெயர் கிடையாது. அவருக்கு வாங்கியிருந்த விசிட்டர் இன்சூரன்ஸிலோ டிடக்டிபிள் தொகையை முதலில் நாம் கட்ட வேண்டும். இடித்தவரின் இன்சூரன்ஸ் தரும்தான். ஆனால் சிகிச்சை எல்லாம் முடிந்து, செட்டில்மென்ட் பேசிய பிறகுதான் பணம் கைக்கு வரும். பில் அதுவரை காத்திருக்காது.

மெட்பே உதவியிருக்கக்கூடிய இடம் அதுதான். தப்பு யார் மேல் என்று அது பார்ப்பதில்லை. டிடக்டிபிள் கிடையாது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாம் கட்டும் பங்கான கோபேயும் கிடையாது. பெரும்பாலும் 1,000 முதல் 10,000 டாலர் வரை எடுக்கலாம். அந்தத் தொகை காரில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உண்டு. நாம் நடந்துபோகும்போது கார் மோதினாலும் பொதுவாகச் செல்லும். ஆகவே, எனக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், என் காரில் யார் யார் ஏறுகிறார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

லயபிலிட்டி இருக்கிறதே என்று நினைப்பதும் தவறு. அது நம்மால் அடிபட்ட எதிராளிக்கு. நம் காயத்துக்கு அதில் ஒரு டாலர் கிடைக்காது.

வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறவர்கள் பழைய பாலிசியைப் பார்த்து அப்படியே எடுக்கக் கூடாது. நியூயார்க்கில் 50,000 டாலர் வரை பிஐபி (தப்பு யார் மேல் என்று பார்க்காமல் நம் காயத்துக்குத் தரும் இன்சூரன்ஸ்) கட்டாயம் என்பதால் அங்கே மெட்பேக்கு அவசரமில்லை. ஃபுளோரிடாவில் பிஐபி வெறும் 10,000. அதுவும் மருத்துவச் செலவில் 80 சதவீதம்தான் தரும், 14 நாட்களுக்குள் டாக்டரைப் பார்த்திருக்கவும் வேண்டும். மீதி 20 சதவீதத்துக்கு அங்கே மெட்பே கைகொடுக்கும். கொலராடோவில் எழுத்தில் மறுக்காவிட்டால் 5,000 டாலர் மெட்பே தானாகவே பாலிசியில் இருக்கும். என்ன ஏது என்று பார்க்காமல் அந்த மறுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் மெட்பே பார்த்துக்கொள்ளும் என்றும் நம்ப வேண்டாம். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் அதில் வராது. காரை வைத்துச் சாப்பாடு டெலிவரி செய்யும்போது அடிபட்டால் பல பாலிசிகள் தராது. பிறகு எதிர்த்தரப்பிலிருந்து பணம் வந்தால், மெட்பேயில் கொடுத்த தொகையை உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பிக் கேட்கவும் வாய்ப்பு உண்டு.

தனியாக மட்டும் ஓட்டுகிறவர், கைச்செலவு குறைவாக வரும் நல்ல ஹெல்த் பிளான் உள்ளவர் என்றால் விட்டுவிடலாம். பெற்றோர் வந்து போகிற வீட்டுக்கு 5,000 டாலராவது வேண்டும் என்பது என் கருத்து. அவர்களுக்கு டிக்கெட் போடுகிற அன்றே பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்து, மெடிக்கல் பேமென்ட்ஸ் என்பதற்கு நேரே என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள்.