கையில் கயிறு இருந்தால் போதுமா? நாயோடு வெளியே போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது."

அவிழ்த்துவிட்ட நாயின் சொந்தக்காரர் முப்பதடி தள்ளி நின்றுகொண்டு இதைச் சொல்வார். நாய் அதற்குள் எதிரே வருபவரின் முழங்காலை மோந்துகொண்டிருக்கும். அவரோ இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து, மூச்சைப் பிடித்தபடி நிற்பார். நாய் வளர்ப்பவர்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்கள் குறைவு, நானும் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்துவிடும். அதனாலேயே மற்ற தவறுகளுக்கெல்லாம் அது தாய்த் தவறாகிவிடுகிறது. நாயின் குணம் தங்கமா தகரமா என்று சட்டம் விசாரிப்பதில்லை. அந்த நிமிடத்தில் நாய் யாருடைய பிடியில் இருந்தது என்றுதான் கேட்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 1991-ஆம் ஆண்டு அபாயகரமான நாய்கள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி நாய் யாரையும் கடித்திருக்க வேண்டியதில்லை. காயப்படுத்திவிடுமோ என்று ஒருவர் அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்தாலே அது கட்டுமீறிய நாய்தான். 2014 முதல் சொந்த வீட்டுக்குள் நடப்பதற்கும் இதே அளவுகோல் பொருந்துகிறது. ஆளுக்குக் காயம் பட்டால் 5 ஆண்டு வரை, உயிர் போனால் 14 ஆண்டு வரை சிறை. இந்தியாவின் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் கயிறு என்ற சொல்லே கிடையாது. தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை, தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்யாமல் விட்டவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அந்தப் பிரிவு. "ஒன்றும் செய்யாது" என்று நம்பிக் கையை வீசிக்கொண்டு நடந்தவர், விசாரணையில் அதையே தன் பக்க நியாயமாகச் சொன்னால் எடுபடாது. அலட்சியம் என்பதற்கு அதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமா என்ன?

பலகை இல்லை என்றால் விதி இல்லையா?

நாய் தொடர்பான விதிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்று நேராகச் சொல்லும். இன்னொரு வகை, நாய் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எப்படி என்பதை நம் தலையில் போட்டுவிடும். முதல் வகைக்குப் பலகை வைப்பார்கள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பலகையே இருக்காது. பலகை கண்ணில் படவில்லை, ஆகவே அவிழ்த்துவிடலாம் என்று முடிவுகட்டுகிறவர்கள் இரண்டாம் வகையை அறவே மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே கயிற்றுச் சட்டம் என்று எதுவும் இல்லை. 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், உள்ளாட்சி அமைப்பு குறிப்பிட்ட சாலைகளில் மட்டும் கயிற்றைக் கட்டாயமாக்குகிறது. பூங்காக்கள், கடற்கரைகளுக்கு அந்தந்த உள்ளாட்சியின் ஆணைகள் தனி. ஒரு தெருவைத் தாண்டியதும் விதி மாறிவிடலாம். பிரான்சின் ஊரகச் சட்டத் தொகுப்பு வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. வேட்டையிலோ மந்தைக் காவலிலோ இல்லாத நாய், சொந்தக்காரரின் கண்காணிப்பை விட்டு, அவர் குரல் எட்டாத தொலைவுக்கோ 100 மீட்டருக்கு மேலோ போய்விட்டால் அது சட்டத்தின் கண்ணில் அலைந்து திரியும் நாய். எனக்குப் பிடித்தது நியூசிலாந்தின் விதி. அங்கே நாயை அவிழ்த்துவிட அனுமதி உள்ள இடத்திலும் கயிறு நம்மிடம் இருந்தாக வேண்டும். வீட்டில் ஆணியில் தொங்கும் கயிறு கணக்கில் சேராது.

"கூப்பிட்டால் வந்துவிடும்" என்பது இந்த இடத்தில் வரும் அடுத்த சமாதானம். கூடத்தில் பிஸ்கட் டப்பாவைத் திறந்துகொண்டு கூப்பிட்டால் எந்த நாய்தான் வராது? முன்னால் ஓர் அணில் ஓடும்போது, மூன்றாவது முறை கத்தாமல், முதல் அழைப்பிலேயே திரும்பி வருகிறதா? அந்தச் சோதனையில் தேறாத நாயை அவிழ்த்துவிட்டால், நம் கட்டுப்பாட்டில் இருப்பது நம் குரல் மட்டுமே.

கயிற்றின் நீளம், கயிற்றின் தரம்

கயிறு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல நாடுகள் நீளத்தையும் சொல்லிவைத்திருக்கின்றன. இத்தாலியின் நகர்ப்பகுதிகளில் 1.5 மீட்டருக்கு மேல் கூடாது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் 6 அடி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1.85 மீட்டர், நாயின் எடை 20 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் கயிற்றைச் சாதாரணக் கழுத்துப்பட்டையில் மாட்டக் கூடாது, மார்புப்பட்டையிலோ முகத்தைச் சுற்றி மாட்டும் வாரிலோதான் மாட்ட வேண்டும். இந்த எண்களுக்குப் பின்னால் பெரிய ரகசியம் இல்லை. நாய் திடீரெனப் பாய்ந்தால் ஓர் எட்டுக்குள் நிறுத்திவிடக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

இழுக்க இழுக்க நீளும் கயிறு இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் சுருண்டிருக்கும் மெல்லிய நாடா, ஐந்து மீட்டர் வரை தானாக அவிழும். பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். நாய் பாதையின் இடது ஓரத்தில் புல்லை மோந்துகொண்டிருக்கிறது, நீங்கள் வலது ஓரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு நாடா குறுக்கே நிற்கிறது. அந்தி வெளிச்சத்தில் சைக்கிளில் வருகிறவருக்கு நாய் தெரியும், நீங்கள் தெரிவீர்கள், நாடா தெரியாது. பதறிப்போய் நாடாவைக் கையால் பிடித்து இழுத்தீர்களோ, விரல்களில் தோல் உரிந்துவிடும். கைப்பிடி நழுவி விழுந்துவிட்டால் இன்னும் மோசம். அது தரையில் கடகடவென்று உருண்டுகொண்டு நாயின் பின்னாலேயே போகும். ஏதோ துரத்துகிறது என்று நாய் இன்னும் வேகமாக ஓடும், கைப்பிடியும் விடாமல் துரத்தும். ஆள் நடமாட்டமில்லாத திறந்த வெளியில் இந்தக் கயிற்றுக்கு ஓர் உபயோகம் இருக்கலாம். நடைபாதையில் இல்லவே இல்லை என்பது என் கருத்து.

நல்ல கயிறும் தளர்ந்த பட்டையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை தெரிந்துகொண்டேன். பக்கத்தில் வந்து நின்ற லாரி பிரேக்கிலிருந்து புஸ்ஸென்று காற்றை விட்டது. என் நாய் குரைக்கவில்லை, இழுக்கவும் இல்லை. காதுகளைப் பின்னால் மடித்து, தலையைத் தாழ்த்தி, என்னைப் பார்த்தபடியே இரண்டடி பின்வாங்கியது. பின்வாங்கும் நாயை நாம் நம் பக்கம் இழுப்போம் அல்லவா? நானும் இழுத்தேன். பட்டை காதுகளைத் தாண்டிக் கழன்று, கொக்கியோடு என் கையில் தொங்கியது. நாய் தெருவின் நடுவில் நின்றது. ஓடிப் பிடிக்கப் போகாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தேன், தானாக வந்துவிட்டது. அன்றிலிருந்து வாசலைத் தாண்டுமுன் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் விட்டுப் பார்ப்பேன். இரண்டு விரல் தாராளமாகப் புகுந்து மூன்றாவதற்கும் இடமிருந்தால் ஒரு துளை இறுக்கிக்கொள்வேன். நாய் மிரண்டு பின்வாங்கினால், அதை நோக்கி நாம் போக வேண்டும், இழுக்கக் கூடாது.

யார் கையில்?

"பாப்பா பிடிச்சுக்கட்டுமே" என்று கயிற்றைக் குழந்தையிடம் கொடுத்துப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றிருக்கும். அயர்லாந்தில் பட்டியலிடப்பட்ட நாய் இனங்களை, 16 வயதைத் தாண்டிய, அந்த நாயை அடக்கும் வலுவுள்ள ஒருவர்தான், 2 மீட்டருக்குக் குறைவான உறுதியான கயிற்றில் பிடித்துச் செல்லலாம். நாய்க்கு வாய்மூடியும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், கூலிக்கு நாய்களை நடத்திச் செல்பவரானாலும், ஒரே ஆளிடம் நான்கு நாய்களுக்கு மேல் இருந்தால் அவை கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கருதப்படாது. கடை வாசல் கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போவதையும் இதே வரிசையில் வையுங்கள். கயிறு இருக்கிறது, ஆனால் மறுமுனையில் ஆள் இல்லை. போகிற வருகிற குழந்தைகள் அதைத் தடவ வருவார்கள். நகர முடியாத நாய்க்குப் பயம் வந்தால் மிச்சமிருப்பது பல் மட்டுமே.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதும் தவறு. பெரிய நாய் ஒரு முறை பாய்ந்தால் எலும்பு முறியலாம். கண்ணியைக் கட்டைவிரலில் மாட்டி, மடித்த கயிற்றை உள்ளங்கையில் பிடித்தால் போதும்.

வாய்மூடி போட்டாகிவிட்டது, கயிறு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்.எல். புல்லி என்ற பெரிய உடல்வாகு கொண்ட நாய்களுக்கு 2023 டிசம்பர் 31 முதல் பொது இடத்தில் இரண்டும் கட்டாயம். கார் பொது இடத்தில் நின்றால் அதற்குள் உட்கார்ந்திருக்கும் நாய்க்கும் அது பொருந்தும். வாய்மூடி போட்ட நாயும் முதியவரை முட்டித் தள்ளி இடுப்பெலும்பை உடைக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி பெற்ற நாய்களுக்கு விலக்கு உண்டு என்பது பாதி உண்மை. அமெரிக்கச் சட்டம் அவற்றுக்கும் கயிற்றையே கேட்கிறது. கயிறு அதன் வேலைக்கு இடைஞ்சல் என்றாலோ, சொந்தக்காரரால் பிடிக்க முடியாது என்றாலோ குரலாலும் சைகையாலும் கட்டுப்படுத்தலாம் என்கிறது. வீட்டுச் செல்லத்துக்கு உதவி நாய் அணிவது போன்ற ஒரு சட்டையை மாட்டி அழைத்துப் போவது அந்த நாய்களை நம்பியிருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம்.

கயிற்றில் வரும் நாயை நோக்கி உங்கள் நாயை அவிழ்த்து அனுப்பி, "பழகிக்கொள்ளட்டும்" என்பதும் வேண்டாம். கட்டப்பட்ட நாயால் விலகிப் போக முடியாது, முகம் திருப்பிச் சுற்றி வரவும் முடியாது. நாய்களின் மரியாதையான வணக்கமே அந்த வளைவில்தான் இருக்கிறது. அது முடியாதபோது உறுமும். அந்த நாய்க்கு உடம்பு சரியில்லாமலும் இருக்கலாம். எதிரே இருப்பவர் கயிற்றைச் சுருக்குகிறார் என்றால் நீங்களும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை.

மாதமும் மந்தையும்

நேற்று அவிழ்த்துவிட்ட அதே இடத்தில் இன்று அபராதம் என்பது வடக்கு நாடுகளில் சகஜம். நார்வேயில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாய்களைக் கட்டியே வைக்க வேண்டும். பின்லாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தின் காடு மேடுகளில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை. தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம் அது. நாய் பறவையைத் தொடக்கூட வேண்டாம். அடைகாக்கும் தாய் பயந்து எழுந்து போனாலே முட்டை குளிர்ந்துவிடும். இங்கிலாந்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட மேய்ச்சல் வெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத கயிறு. கால்நடைகளுக்கு அருகில் என்றால் ஆண்டு முழுவதும். அங்கே 1953-ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆடுகள் உள்ள வயலில் நாய் கயிறோ நெருங்கிய கட்டுப்பாடோ இல்லாமல் சுற்றினாலே குற்றம். துரத்தினதா, கடித்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒருவர் செய்யக்கூடிய கடைசித் தவறு, கயிற்றை விடவே கூடாது என்று நினைப்பது. கன்றோடு இருக்கும் மாடுகள் தலையைத் தாழ்த்திக்கொண்டு உங்களை நோக்கி வந்தால் கயிற்றை உடனே விட்டுவிடுங்கள். பிரிட்டனின் கிராமப்புற நடத்தை விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. மாட்டின் கோபம் நாயின் மேல்தான். நாய் அதைவிட வேகமாக ஓடிவிடும், உங்களால் முடியாது. நாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்தான் மிதிபடுகிறார்கள். வேலியைத் தாண்டி நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, கயிற்றை இழுத்துக்கொண்டு அது உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும்.