தமிழில் ஹேங்மேன்: ஆடுவது எப்படி, வெல்வது எப்படி

ஒருவர் நினைத்த சொல்லை மற்றவர் எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பிடிப்பதும், பிழைக்கும்போதெல்லாம் தூக்கு மரப் படத்தில் ஒரு பாகம் வரைவதும்தான் ஹேங்மேன். ஆங்கிலப் பாடவேளையில் அதை ஆடாத பிள்ளை கிழக்கிலங்கையில் மட்டக்களப்பிலும் இல்லை, அம்பாறையிலும் இல்லை. அதையே தமிழில் ஆடுவோம் என்றால், “247 எழுத்து இருக்கே, எப்படிப் பிடிக்கிறது?” என்று கேட்டு விட்டுவிடுகிறார்கள். எழுத்தை முழுசாகக் கேட்டால் அந்தக் கஷ்டம் உண்மைதான். மெய்யையும் உயிரையும் பிரித்துக் கேட்டால் ஆட்டம் ஆங்கிலத்தைவிட நன்றாக ஓடும். ஏனென்றால் எந்த எழுத்துக்குப் பின்னால் எது வரலாம் என்பதில் தமிழ் மிகவும் கண்டிப்பான மொழி. அந்தக் கண்டிப்புத்தான் பிடிப்பவருக்கு ஆயுதம்.

தேவையானவை

ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் சொல் வைப்பவர், மற்றவர் பிடிப்பவர். ஒரு தாள், பென்சில், அழிறப்பர் போதும். கணக்குக்குப் பாவிக்கும் சதுரக் கோட்டுக் கொப்பி இருந்தால் இன்னும் வடிவாக வரும். வகுப்பில் என்றால் கரும்பலகையும் வெண்கட்டியும்.

தாளின் ஓரத்தில் முதலில் அட்டவணை எழுதுங்கள். மேல் வரியில் 12 உயிர். அடுத்ததில் 18 மெய். கடைசியில் “புள்ளி” என்று ஒன்று, ஃ ஒன்று. மொத்தம் 32. பிடிப்பவர் கேட்கக்கூடியவை இவ்வளவுதான். கேட்டதை உடனே வெட்டிவிட வேண்டும். அட்டவணை இல்லாமல் ஆடினால் ஐந்தாறு கேள்விக்குள் ஒரே எழுத்தை இரண்டு தரம் கேட்பது நடக்கும், பிறகு அது பிழையா இல்லையா என்று வாக்குவாதம்.

தூக்கு மரத்துக்குப் பதிலாக நண்டு வரையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், கணக்கும் சரியாக வரும். உடலும் இரண்டு கண்ணும் தொடக்கத்திலேயே வரைந்து வைக்க வேண்டும். பிழை ஒன்றுக்கு ஒரு கால். நண்டுக்கு எட்டுக் காலும் இரண்டு கொடுக்குமாகப் பத்து. பத்தும் முளைத்துவிட்டால் நண்டு ஓடிவிடும், வைத்தவர் வென்றார். பழகிய ஆட்கள் ஆடும்போது இரண்டு கொடுக்கையும் முதலே வரைந்துவிடுங்கள். எட்டு வாய்ப்புத்தான் மிஞ்சும்.

ஆட்டம் நடக்கும் முறை

1. வைப்பவர் ஒரு சொல்லை நினைத்து, எத்தனை எழுத்தோ அத்தனை கோடு போடுகிறார். பெயர்ச்சொல்லாக இருக்கட்டும், வேற்றுமை உருபு ஒட்டாமல். “வீட்டுக்கு”, “வந்தார்கள்” எல்லாம் வேண்டாம்.

2. பிடிப்பவர் ஒரு மெய்யைக் கேட்டால், அந்த மெய் வரும் எல்லாக் கோட்டின் மேலேயும் அதைச் சின்னதாக எழுத வேண்டும். “க்” என்று கேட்டால் க், க, கா, கி, கு எல்லாம் அடங்கும்.

3. உயிரைக் கேட்டால் கோட்டின் கீழே எழுத வேண்டும். “அ” என்றால் க, த, ம போன்ற அகரமேறிய எழுத்துகள் எல்லாவற்றின் கீழும் அ வரும். சொல்லின் முதலெழுத்தே உயிரெழுத்து என்றால் அதைக் கோட்டின்மேல் முழுதாக எழுதிவிடுங்கள்.

4. “புள்ளி” என்று கேட்டால், தனி மெய் நிற்கும் இடங்களின் கீழ் ஒவ்வொரு புள்ளி. எந்த மெய் என்று சொல்லக் கூடாது.

5. மேலும் கீழும் தெரிந்துவிட்ட இடத்தில் முழு எழுத்தை எழுதுகிறோம். முழுச் சொல்லையும் ஊகித்துச் சொல்லலாம். பிழைத்தால் ஒரு கால்.

கோடு போடுவதில்தான் தொடக்கக்காரர் அதிகம் சறுக்குவார்கள். அம்பாறை நான்கு எழுத்து: அ, ம், பா, றை. வாயால் சொல்லி எண்ணினால் மூன்று போலத் தோன்றும். மெய்க்கும் ஒரு கோடு உண்டு. அதேபோல் “கொ”, “கோ” மூன்று குறியாகத் தெரிந்தாலும் ஓரெழுத்து, ஒரு கோடு. கோடு பிழைத்தால் பிடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை. ஆகவே வைப்பவர் சொல்லைத் தனித்தாளில் எழுதி, எழுத்துக்கு மேல் எண் போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைக்க வேண்டும். எழுத்துப் பிழையோடு வைத்தாலோ, கேட்ட எழுத்தை ஓரிடத்தில் எழுத மறந்தாலோ அந்தச் சுற்றுப் பிடிப்பவருக்கே.

இன்னொரு சிக்கல் ஒலி. ல, ள, ழ மூன்றையும் நாம் கதைக்கும்போது வேறுபடுத்துவது குறைவு. ந, ன, ண நிலையும் அதுதான். வாயால் கேட்டால் குழப்பம் நிச்சயம். விரலை அட்டவணையில் வைத்துக் கேளுங்கள்.

வெல்லும் வழி

முதல் கேள்வி எப்போதும் “புள்ளி”யாக இருக்கட்டும். புள்ளி விழுந்த இடத்தைப் பார்த்தாலே சொல்லின் எலும்பு தெரியும்.

கடைசிக் கோட்டில் புள்ளி விழுந்தால் அது க், ச், ட், த், ப், ற் ஆக இருக்கவே முடியாது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ம், ன், ல், ர், ள், ய், ண், ழ் ஆகியவற்றில் ஒன்று. பெயர்ச்சொல் என்றால் ம் முதலில் கேளுங்கள்: மரம், பழம், வட்டம், கடிதம் என்று அந்த வகை நிறைய.

நடுவில் விழுந்தால் அடுத்த எழுத்தோடு சேர்த்துப் பாருங்கள். க், ச், த், ப் என்ற நான்குக்கும் பின்னால் அதே எழுத்துத்தான் வரும்: க்க, ச்ச, த்த, ப்ப. ந் என்று திறந்தால் அடுத்தது த என்று எழுதிக்கொள்ளலாம், ங் என்றால் க. ஞ் பின்னால் பெரும்பாலும் ச, ண் பின்னால் ட அல்லது ண, ம் பின்னால் ப அல்லது ம. ர், ழ் இரண்டும் ஒருபோதும் இரட்டிக்காது. ஒரு கேள்விக்கு இரண்டு எழுத்து கிடைப்பது இங்கேதான்.

இரண்டு புள்ளி அடுத்தடுத்து விழுந்தால் கொண்டாடுங்கள். முதற்புள்ளி ய், ர், ழ் மூன்றில் ஒன்று: வாழ்க்கை, பார்வையாளர் என்ற சொற்களை ஒப்பிட்டுப் பாருங்கள், முதலாவதில் ழ், க் அடுத்தடுத்து நிற்கின்றன, இரண்டாவதில் ர் தனியே நிற்கிறது. சாய்ந்தமருது என்ற ஊர்ப் பெயரில் ய், ந் சேர்ந்து நிற்பதும் இதே விதி.

முதற்கோட்டில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வராது. ஆனால் ரொட்டி, லாம்பு, றப்பர் என்று நாளாந்தம் பாவிக்கும் வந்த சொற்கள் இந்த விதிக்குள் நிற்காது. ஹஜ், ஸலாம் போன்றவற்றுக்கு ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். அனுமதிப்பதா இல்லையா என்று ஆட்டம் தொடங்கமுன் பேசி முடியுங்கள்.

உயிரில் அ, உ, இ மூன்றும் முதல் வரிசை. பிறகு ஆ, ஐ. ஔவைக் கடைசிவரை தொடாதீர்கள்.

ஒரு சுற்றை நடத்திப் பார்ப்போம்

நான்கு கோடு. “புள்ளி” கேட்டால் இரண்டாம் இடத்தில் விழுகிறது. “அ” இல்லை, ஒரு கால். சொல் புள்ளியில் முடியவில்லை, ஆகவே உ, ஐ, இ என்று முடிய வாய்ப்பு அதிகம். “உ” இல்லை, இரண்டாம் கால். “ஐ” கேட்டால் கடைசி இடம் திறக்கிறது. “ஆ” மூன்றாம் இடத்தில். இனி மெய். ஆமை, ஆறாமை என்று “மை”யில் முடியும் பெயர்கள் பல இருப்பதால் “ம்” கேட்பது நியாயம்; நான்காம் இடம் மை ஆகிறது. இரண்டாம் மூன்றாம் இடத்தில் ம் வரவில்லை, ஆகவே ம்மா இல்லை. “இல்லாமை” நினைவுக்கு வரும். “ல்” கேட்டால் இல்லை, மூன்றாம் கால். “ள்” கேட்டால் இரண்டும் திறக்கின்றன: _ள்ளாமை. மெல்லினமோ இடையினமோ இரட்டித்தால் அதற்கு முந்திய எழுத்துப் பெரும்பாலும் குறில். அ, உ போய்விட்டன. இ, எ, ஒ மட்டுமே மிச்சம். “எ” கேட்டதும் முதலிடம் திறக்கிறது. வயல் ஊரில் வளர்ந்த எவருக்கும் அது வெள்ளாமைதான். ஏழு கால் இன்னும் மிச்சம்.

இல்லை என்ற பதிலையும் வீணாக விடவில்லை என்பதைக் கவனியுங்கள். அ இல்லை, உ இல்லை என்று தெரிந்ததால்தான் கடைசியில் மூன்று உயிருக்குள் சுருக்க முடிந்தது.

சொல் வைப்பவருக்கு

நீளமான சொல் கடினம் என்று நினைப்பது பெரும் பிழை. மட்டக்களப்பு எட்டு எழுத்து. ஆனால் புள்ளி, அ, உ என்ற மூன்றே கேள்வியில் எட்டு இடத்தின் கீழ்ப்பாதியும் திறந்துவிடும், ஒரு கால்கூட முளைக்காது. “கூழ்” இரண்டே எழுத்து. கால், மீன், தேர், ஊர், நாள் என்று அந்த அச்சில் எண்ணற்ற சொற்கள் இருப்பதால் பிடிப்பவர் திணறிப்போவார். எழுத்துத் திரும்பத் திரும்ப வராத குட்டிச் சொல்லைத் தேடுங்கள். எதிராளி எப்போதும் புள்ளியில் தொடங்குகிறார் என்று கண்டால் புள்ளியே இல்லாத தோணி, வாவி, முதலை போன்றவற்றை வையுங்கள்.

ஊர்ப் பெயர்ச் சுற்று

நம் பக்கத்துக்கு இது மிகப் பொருத்தமான ஆட்டம். இங்கே ஊர்ப் பெயர்களின் வால் ஒரே மாதிரி இருப்பதால் உயிரை மட்டும் பார்த்தே பாதியைக் கண்டுபிடிக்கலாம். கடைசியில் புள்ளி, அதற்கு முன் இ என்றால் வில்: பொத்துவில், தம்பிலுவில். புள்ளிக்கு முன் ஊ என்றால் ஊர்: ஏறாவூர், நிந்தவூர், மண்டூர். உ, இ என்று முடிந்தால் குடி: காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி. ஏ, ஐ என்றால் சேனை: வாழைச்சேனை. உ, ஐ என்றால் முனையா துறையா என்ற சந்தேகம் வரும். “ம்” ஒன்றைக் கேட்டுப் பிரிக்கலாம் என்று அவசரப்படாதீர்கள், சம்மாந்துறையிலும் ம் உண்டு. அது விழுந்த இடத்தைப் பாருங்கள்.

வைப்பவருக்கு நல்ல பொறி பட்டிருப்பும் பாண்டிருப்பும். இரண்டும் ஆறு எழுத்து, இரண்டிலும் புள்ளி இரண்டாம் ஐந்தாம் இடங்களில், மூன்றாம் இடத்திலிருந்து கடைசிவரை ஒரே எழுத்துகள். பிடிப்பவர் “ட்” கேட்டு இரண்டாம் இடம் திறக்கிறதா என்று பார்த்தால் தப்பலாம். பாதியில் ஊரைச் சொல்லிவிட்டால் ஒரு கால் போகும்.

வகுப்பில் ஆடுவதானால்

இரண்டு அணி, மாறி மாறிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அரை நிமிடம். சொல்லைப் பிடிக்கும் அணிக்கு முளைக்காத கால்களின் எண்ணிக்கையே புள்ளிக்கணக்கு. தரம் 3 வரை உள்ள பிள்ளைகளுக்குப் பிரித்துக் கேட்பது பாரமாகத் தெரிந்தால், சொல்லில் உள்ள எழுத்துகளோடு வேறு பத்து எழுத்தையும் கலந்து பலகையில் எழுதி, அதற்குள் முழு எழுத்தாகவே கேட்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் ஆடும்போது முறை வேறு: ஈ (E), ரீ (T), ஏ (A) என்ற மூன்றையும் முதலில் கேட்க வேண்டும். மோர்ஸ் தந்திக் குறியீட்டில் ஈக்கு ஒரே ஒரு புள்ளியும் ரீக்கு ஒரே ஒரு கோடும் கொடுத்தது அவை அடிக்கடி வருவதால்தான்.

முதன்முதலாகத் தமிழில் ஆடுபவர்களுக்கு இந்தச் சொற்களை இந்த ஒழுங்கில் வையுங்கள்: பட்டம், அம்பாறை, வண்ணத்துப்பூச்சி, கல்முனை, ஊஞ்சல், தயிர், நண்டு, எஃகு. கடைசிச் சொல்லில்தான் பிள்ளைகள் அட்டவணையில் வெட்டாமல் கிடக்கும் ஃ பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.