பழைய லைப்ரரிகளை ஆர்எம் போட்டு அழிக்காதீர்கள்

என் லினக்ஸ் கணினியில் டிஸ்க் 97 சதவீதம் நிரம்பிவிட்டது என்று, இட அளவைச் சொல்லும் டிஎஃப் கட்டளை காட்டியதும் நான் செய்த முதல் வேலையே தப்பு. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டருக்குள் போய், பெயர் 1.1 என்று முடிகிற ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) ஃபைல்கள் இரண்டையும் ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளை போட்டுத் தூக்கினேன். பக்கத்திலேயே பதிப்பு 3 இருக்கிறதே, பழசு எதற்கு என்ற நினைப்பு. மிச்சமானது சில எம்பிதான். மறுநாள் ஸ்கேனர் மென்பொருள் திறக்கவே இல்லை.

காரணம் எளிது. ஒரு நிரல் கம்பைல் ஆகும்போதே தனக்கு 1.1தான் வேண்டும் என்று பெயரோடு எழுதி வைத்துக்கொள்கிறது. 3 எவ்வளவு புதுசாக இருந்தாலும் அந்த இடத்தில் உட்காராது. அதனால் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை, மென்பொருள்களை நிறுவி நீக்கும் பேக்கேஜ் மேனேஜரிடமே விட்டுவிடுங்கள். நான் டெபியன், உபுண்டு ஆள், அவற்றின் பேக்கேஜ் மேனேஜரான ஆப்டையே சொல்கிறேன்.

முதலில் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளையை 'மைனஸ் எஸ்' சேர்த்து ஓட்டுங்கள். இது ஒத்திகை மட்டும்தான், எதையும் அழிக்காது. வேறொரு பேக்கேஜுக்காக வந்து, இப்போது கேட்பாரற்றுக் கிடப்பவை வரிசையாக வரும். அவசரப்படாமல் படியுங்கள். நீங்கள் பயன்படுத்துகிற ஏதாவது அதில் தலை காட்டினால், 'ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று அடித்து அதன் பெயரைக் கொடுங்கள், பட்டியலை விட்டுப் போய்விடும். அப்புறம் 'மைனஸ் எஸ்' இல்லாமல் ஓட்டலாம்.

பழைய டெபியன் அல்லது உபுண்டு பதிப்பிலிருந்து புதியதற்கு ஏறி வந்த கணினி என்றால் இன்னொரு குப்பை இருக்கும். 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளையோடு '?அப்சொலீட்' என்பதை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். இப்போது எந்தக் களஞ்சியத்திலும் கிடைக்காத பேக்கேஜ்கள் தெரியும். நீங்களே இறக்கி நிறுவிய டெப் ஃபைல்களும் இதில்தான் வரும், அவற்றைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள்.

உண்மையைச் சொன்னால், சின்னச் சின்ன லைப்ரரிகளில் இடம் அவ்வளவாக மிச்சமாகாது. எனக்குக் கை கொடுத்தவை எல்எல்விஎம் என்ற கம்பைலர் லைப்ரரியின் பழைய பதிப்புகள், ஒவ்வொன்றும் 100 எம்பிக்குப் பக்கம். ஃப்ளாட்பேக் (ஆப்ட் இல்லாமல் செயலிகளை நிறுவும் இன்னொரு முறை) வைத்திருப்பவர்கள் 'ஃப்ளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு' ஓட்டிப் பாருங்கள். எந்தச் செயலியும் தொடாத ரன்டைம்கள் (செயலிகள் ஓடத் தேவையான லைப்ரரித் தொகுப்புகள்) நூற்றுக்கணக்கான எம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

யூஎஸ்ஆர், லோக்கல், லிப் என்று போகும் ஃபோல்டர் தனிக் கதை. அங்கே இருப்பவை பெரும்பாலும் நாமே சோர்ஸ் கோடிலிருந்து கட்டியவை, ஆப்டுக்கு அவற்றைத் தெரியாது. சந்தேகமான ஃபைலை 'டிபிகேஜி மைனஸ் எஸ்' போட்டுக் கேளுங்கள் (இங்கே பெரிய எஸ்). எந்தப் பேக்கேஜும் உரிமை கொண்டாடவில்லை என்றால், அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிரல்களை, தேவையான லைப்ரரிகளைக் காட்டும் 'எல்டிடி' மூலம் பாருங்கள். ஏதாவது ஒரு வரியில் 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் ஃபைலைத் திருப்பி வைத்துவிடுங்கள். ஆனால் எல்டிடி சரி என்றாலே முடிந்தது என்றில்லை. ஓடும்போது பாதியில் இழுக்கப்படும் ப்ளகின்கள் அதில் தெரியாது. அதனால்தான் நான் ஒரு வாரம் பொறுத்துப் பிறகு அழிக்கிறேன்.

எல்லாம் முடிந்தும் டிஎஃப் அதே எண்ணைக் காட்டினால் பயப்பட வேண்டாம். அழித்த லைப்ரரியை ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். அது விடும்வரை இடம் திரும்பாது. சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு), திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' ஓட்டி, 'டெல்' என்ற குறியுள்ள வரிகளைத் தேடினால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். நிறையப் பேர் பிடித்திருந்தால், பேசாமல் கணினியையே ஒருமுறை ரீபூட் செய்துவிடுங்கள்.